புதிய குடும்ப மருத்துவருக்கு வருமானமும் வேலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடும்ப மருத்துவத்தில் பயிற்சி முடித்து முதல் வேலைக்குப் போகும் இளம் மருத்துவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சம்பளத் தொகை நாட்டுக்கு நாடு மாறும், வருடத்துக்கு வருடமும் மாறும். அதனால் தொகையைப் பற்றிக் குறைவாகவும், அந்தத் தொகை எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைப் பற்றி அதிகமாகவும் எழுதியிருக்கிறேன். ஒரு நோயாளியோடு உட்கார உங்களுக்கு எத்தனை நிமிடம் கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பது அந்தக் கணக்குதான்.

முதல் வேலையில் எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கலாம்?

உங்கள் ஊரில், உங்களோடு படித்து முடித்த நாலு பேரிடம் கேளுங்கள். வெட்கப்படாமல் கேளுங்கள். மருத்துவர்கள் சம்பளத்தைப் பற்றிப் பேசிக்கொள்ளாமல் இருப்பதால் லாபம் வேலை கொடுப்பவருக்கு மட்டும்தான்.

கேட்கும்போது மாதத்துக்கு எவ்வளவு என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஒரு நாளைக்கு எத்தனை நோயாளிகள், இரவு அழைப்பு உண்டா, விடுப்புக்குச் சம்பளம் உண்டா, காப்பீட்டுப் பணம் யார் கட்டுகிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பிறகு ஆண்டுச் சம்பளத்தை உண்மையில் வேலை செய்யும் மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். பெரிய சம்பளமாகத் தெரிந்த வேலை, பக்கத்துச் சிறிய வேலையைவிடக் குறைவாகக் கொடுப்பது தெரியவரும். நான் பலருக்கு இந்த வகுத்தலைச் செய்துகாட்டியிருக்கிறேன். பாதிப் பேராவது முதலில் நினைத்த வேலையை மாற்றிக்கொண்டார்கள்.

ஸ்பெஷலிஸ்டுகளைவிட நமக்கு ஏன் குறைவு?

பெரும்பாலான வளர்ந்த நாடுகளில் இதுதான் நிலைமை. நம் வேலை சுலபமானது என்பது இதற்குக் காரணமல்ல. ஒரு செயலைச் செய்தால் அதற்கு விலை போடுவது எளிது. யோசிப்பதற்கும், கேட்பதற்கும், 'இந்த ஸ்கேன் இப்போது வேண்டாம்' என்று விளக்கிச் சொல்வதற்கும் விலை போடுவது கடினம். விலைப்பட்டியல்கள் எப்போதும் முதல் வகையின் பக்கமே சாய்ந்திருக்கின்றன.

அமெரிக்காவில் இதைச் சரிசெய்யப் பார்த்தார்கள். ஹார்வர்டில் வில்லியம் ஷியாவோவின் குழு, ஒவ்வொரு மருத்துவச் செயலுக்கும் எவ்வளவு நேரமும் உழைப்பும் ஆகிறது என்று அளந்து ஒரு மதிப்பு முறையை உருவாக்கியது. முதியோருக்கான அரசுக் காப்பீட்டுத் திட்டமான மெடிகேர் 1992 முதல் அந்த முறையில் பணம் கொடுக்கிறது. ஆனாலும் இடைவெளி மூடவில்லை. சாதாரண ஓ.பி. கன்சல்டேஷனுக்கான மதிப்பை 2021-இல் மறுபடியும் உயர்த்த வேண்டியிருந்தது. ஒரே நோயாளியைத் தொடர்ந்து பார்த்துக்கொள்ளும் பொறுப்புக்கென்று தனிக் கட்டணம் 2024-இல்தான் வந்தது. நாம் தினமும் செய்கிற வேலைக்கு ஒரு பெயரும் விலையும் கிடைக்க முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

சம்பளத்தை எப்படியெல்லாம் கணக்கிடுகிறார்கள்? எது நல்லது?

அடிப்படையில் மூன்று முறைகள். மற்றவை எல்லாம் இவற்றின் கலவைதான்.

முதலாவது, நிலையான மாதச் சம்பளம். எத்தனை பேரைப் பார்த்தாலும் அதே தொகை. பயிற்சி முடித்து வரும் புதியவருக்கு இது நிம்மதி. ஆனால் நாளுக்கு இத்தனை பேர் என்ற வரம்பு எழுத்தில் இல்லாவிட்டால், வரிசை நீளும், சம்பளம் நீளாது.

இரண்டாவது, பார்க்கும் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்ற முறை. மேலே சொன்ன, ஒவ்வொரு செயலுக்கும் இத்தனை 'அலகு' என்று மதிப்பிடும் முறையும் இதில்தான் சேரும். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். எளிமையான சளி, இருமலுக்கு 1 அலகு, சிக்கலான நோயாளிக்கு 1.5 அலகு என்று வைத்துக்கொள்வோம். முதலாமவருக்குப் பத்து நிமிடம், இரண்டாமவருக்கு அரை மணி நேரம். ஒரு மணி நேரம் சளி மட்டும் பார்த்தால் 6 அலகு. சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்த இரண்டு பேரைப் பார்த்தால் 3 அலகு. வருமானம் சரிபாதி. அலகின் மதிப்பு இடத்துக்கு இடம் மாறும், ஆனால் சாய்வு இந்தப் பக்கம்தான் இருக்கும். எந்த நோயாளிக்காக மூன்று வருடம் பயிற்சி எடுத்தீர்களோ, அவரைப் பார்த்தால் நஷ்டம் என்று இந்த முறை தினமும் உங்கள் காதில் ஓதிக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது, தலைக்கு இவ்வளவு என்ற முறை. உங்கள் பட்டியலில் பதிவு செய்திருக்கும் ஒவ்வொருவருக்கும், வந்தாலும் வராவிட்டாலும் ஆண்டுக்கு ஒரு தொகை. பிரிட்டனில் 1911 தேசியக் காப்பீட்டுச் சட்டத்தின் கீழ் வந்த 'பேனல்' மருத்துவர்கள் காலத்திலிருந்தே இது இருக்கிறது. ஒருவரை ஆரோக்கியமாக வைத்திருப்பதும், போனில் ஐந்து நிமிடம் பேசி முடிப்பதும் இதில் நஷ்டமாகாது. ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது: பட்டியலை ஊதிப் பெரிதாக்கிவிட்டு, வருகிறவர்களைப் பார்க்க முடியாமல் திணறுவது.

கலவைதான் பல இடங்களில் ஓரளவு நியாயமாக இருக்கிறது. நார்வேயில் 2001 முதல் ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்ப மருத்துவர் என்ற திட்டம் இருக்கிறது. பெரும்பாலான மருத்துவர்களுக்குத் தலைக் கணக்கில் ஒரு பங்கும் சேவைக் கட்டணமாக இன்னொரு பங்கும் கிடைக்கும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா 2023 பிப்ரவரியில் ஒரு புதிய முறையைக் கொண்டுவந்தது: செலவிட்ட நேரம், நோயாளியோடான ஒவ்வொரு சந்திப்பு, பட்டியலில் உள்ளவர்களின் எண்ணிக்கையும் சிக்கலும் ஆகிய மூன்றுக்கும் பணம். ரிப்போர்ட் படிக்கும் நேரமும் அதில் வேலை நேரம்தான். எனக்குத் தெரிந்தவற்றில் குடும்ப மருத்துவரின் நாளை நேர்மையாகப் பார்த்த முறை இது.

முதல் வருடம் உறுதிச் சம்பளம் என்கிறார்கள். அதற்கு அப்புறம்?

இதைத்தான் எல்லோரும் கேட்க மறக்கிறார்கள். நானும் மறந்தேன். என் முதல் வேலையில் பன்னிரண்டு மாதம் உறுதித் தொகை, அதற்குப் பிறகு பார்க்கும் எண்ணிக்கைப்படி. பதின்மூன்றாவது மாதம் சம்பளச் சீட்டைப் பார்த்தேன், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. நான் வேலையில் குறை வைக்கவில்லை. புதிய மருத்துவரின் பட்டியல் நிரம்ப ஒன்றரை, இரண்டு வருடம்கூட ஆகலாம் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்த மாதமே வீட்டுக் கடன் தவணையும் ஆரம்பித்திருந்தது.

கையெழுத்துக்கு முன் மூன்று விஷயம் தெரிந்தாக வேண்டும். உறுதிக் காலம் எத்தனை மாதம்? அது முடிந்ததும், அதே சம்பளம் வர நாளுக்கு எத்தனை பேரைப் பார்க்க வேண்டும்? உங்களுக்கு முன் அங்கே சேர்ந்த இரண்டு பேர் இரண்டாம் வருடத்தில் உண்மையில் எவ்வளவு வாங்கினார்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் வராவிட்டால், அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை நோயாளிகள் என்பது நியாயம்?

பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம், பாதுகாப்பான வரம்பாக நாளுக்கு 25 சந்திப்புகளுக்கு மேல் வேண்டாம் என்கிறது. இதை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

வேலை தருபவர் சொல்லும் பட்டியல் அளவிலிருந்தே இதைக் கணக்கிட்டுவிட முடியும். உங்களுக்கு 1,800 பேர் ஒதுக்கப்படுகிறார்கள், ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக மூன்று முறை வருகிறார் என்று வையுங்கள். மொத்தம் 5,400 சந்திப்பு. விடுப்பும் பயிற்சி நாட்களும் போக நீங்கள் 210 நாள் கிளினிக்கில் இருந்தால், நாளுக்குக் கிட்டத்தட்ட 26 பேர். வயதானவர்கள் அதிகமுள்ள பட்டியலில் சராசரி ஐந்து முறை என்றால் 43 பேர். 'எங்களிடம் நாளுக்கு 20 பேர்தான்' என்று நேர்காணலில் சொல்வார்கள். இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டி, மீதிப் பேர் எங்கே போகிறார்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள்.

2022-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, 2,500 பேர் கொண்ட பட்டியலுக்கு வழிகாட்டுதல்கள் சொல்லும் எல்லாவற்றையும் ஒரே மருத்துவர் செய்தால் நாளுக்கு 26.7 மணி நேரம் வேண்டும் என்று கணக்கிட்டது. செவிலியரும் மற்றவர்களும் வேலையைப் பகிர்ந்துகொண்டால் அது 9.3 மணி. அதனால் என்னைக் கேட்டால், 'எனக்கு எவ்வளவு' என்பதற்கு முன்னால் 'என்னோடு யார் வேலை செய்வார்கள்' என்று கேட்பேன்.

கிளினிக் முடிந்த பிறகும் வேலை இருக்குமா?

இருக்கும், நிறைய. கடைசி நோயாளி எழுந்து போய்விட்டார், விளக்கைப் பாதி அணைத்தாயிற்று என்று வையுங்கள். திரையில் படிக்காத லேப் ரிப்போர்ட் 31. அதில் ஒன்றில் பொட்டாசியம் 6.1, இன்றே போன் செய்தாக வேண்டும். மருந்தைப் புதுப்பிக்கச் சொல்லி 14 பேர் கேட்டிருக்கிறார்கள். இரண்டு ரெஃபரல் கடிதம், ஒரு காப்பீட்டுப் படிவம். இதில் எதற்கும் அலகு முறையில் ஒரு பைசா கிடையாது, ஆனால் தவறினால் பொறுப்பு முழுக்க உங்களுடையது.

அமெரிக்கக் குடும்ப மருத்துவர்களைக் கணினிப் பதிவுகளின் வழியே கவனித்த 2017 ஆய்வு ஒன்றில், 11.4 மணி நேர வேலை நாளில் 5.9 மணி நேரம் கணினிப் பதிவிலேயே போயிருந்தது. இந்த வேலைக்கென்று கால அட்டவணையில் நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். வாரத்துக்கு நாலு மணி நேரம் ஒதுக்கி, கொஞ்சம் குறைந்த சம்பளம் தரும் இடத்தை நான் யோசிக்காமல் எடுப்பேன். அந்த நாலு மணி நேரம் இல்லாவிட்டால், அதை உங்கள் வீட்டிலிருந்துதான் எடுத்துக் கொடுப்பீர்கள்.

குடும்ப மருத்துவர் பற்றாக்குறை என்கிறார்களே, அப்படியானால் வேலை உறுதிதானே?

பற்றாக்குறை உண்மை. ஆனால் மக்களுக்கு மருத்துவர் தேவை என்பதும், அந்த மருத்துவருக்குச் சம்பளம் கொடுக்க ஒருவரிடம் நிதி இருக்கிறது என்பதும் வேறு வேறு. இங்கிலாந்தில் 2024-இல் நடந்ததைப் பாருங்கள். நோயாளிகள் சந்திப்பு கிடைக்காமல் தவித்தார்கள். அதே நேரம், பயிற்சி முடித்த குடும்ப மருத்துவர்கள் வேலை கிடைக்காமல் இருந்தார்கள். காரணம், கிளினிக்குகளுக்குக் கூடுதல் ஊழியர் வைக்கத் தரப்பட்ட நிதியை மருந்தாளர், பிசியோதெரபிஸ்ட் போன்றவர்களுக்குத்தான் பயன்படுத்தலாம், மருத்துவருக்குக் கூடாது என்று விதி. அந்த ஆண்டே விதியை மாற்றி, புதிதாகத் தகுதி பெற்ற மருத்துவர்களையும் சேர்க்க வேண்டியதாயிற்று.

சரி, இதனால் பயப்பட வேண்டியதில்லை. பயிற்சி முடிய ஒரு வருடம் இருக்கும்போதே தேட ஆரம்பியுங்கள். உங்கள் பகுதியில் குடும்ப மருத்துவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, அரசா, காப்பீடா, நோயாளியின் கையிலிருந்தா என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். வேலை வாய்ப்பு அந்தப் பணத்தின் பின்னால்தான் போகும்.

கிராமப்புறத்துக்குப் போனால் வருமானம் அதிகமா?

பல நாடுகளில் ஆமாம். ஊக்கத்தொகை, கல்விக் கடன் தள்ளுபடி, வீடு என்று ஏதாவது ஒன்று கூடக் கிடைக்கும். ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற குடும்ப மருத்துவர் 1971-இல் எழுதியது இன்னும் அப்படியே இருக்கிறது: நல்ல மருத்துவம் எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் குறைவாகக் கிடைக்கிறது. அதனால் அங்கே போகிறவருக்கு மதிப்பும் வேலையும் அதிகம்.

பிரசவம், சிறு அறுவை, அவசர சிகிச்சை என்று நீங்கள் கற்ற எல்லாவற்றையும் பயன்படுத்தலாம். ஆனால் இரவு அழைப்பை எத்தனை பேர் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பதைக் கேட்காமல் போகாதீர்கள். நாலு பேர் என்றால் நாலு இரவுக்கு ஒன்று. ஒருவர் வேலையை விட்டால் அடுத்த மாதமே மூன்றுக்கு ஒன்று, இன்னொருவரும் போனால் ஒன்றுவிட்டு ஒரு நாள். ஊக்கத்தொகையை வாங்கிக்கொண்டு பாதியில் கிளம்பினால் திருப்பித் தர வேண்டியிருக்கும், அதையும் படித்துக்கொள்ளுங்கள்.

சொந்தமாகக் கிளினிக் வைக்கலாமா? பங்குதாரராகச் சேரலாமா?

வைக்கலாம், ஆனால் முதல் வேலையாக வேண்டாம் என்பது என் கருத்து. நூறு வந்தால் வாடகை, ஊழியர் சம்பளம், மென்பொருள், காப்பீடு, வரி எல்லாம் போக மிஞ்சுவதுதான் உங்களுடையது. இரண்டு வருடம் வேறொருவரின் கிளினிக்கில் இருந்து, எது எங்கே செலவாகிறது என்று பார்த்துவிட்டு ஆரம்பித்தால் பாதித் தவறுகள் குறையும்.

பங்குதாரராக அழைத்தால் முந்தைய மூன்று ஆண்டுக் கணக்குகளைக் கேளுங்கள். கட்டடம் யார் பெயரில் இருக்கிறது, குத்தகை எப்போது முடிகிறது, மூத்த பங்குதாரர் எப்போது ஓய்வு பெறுகிறார் என்பவை முக்கியம். கடைசியாக மிஞ்சும் பங்குதாரரின் தலையில் முழுக் குத்தகையும் விழுந்த கதைகள் உண்டு.

லோக்கம் வேலை எப்படி?

லோக்கம் என்றால் இல்லாத மருத்துவருக்குப் பதிலாகத் தற்காலிகமாகப் பார்க்கும் வேலை. நாள் கணக்கில் பார்த்தால் பெரும்பாலும் நல்ல காசு. விடுப்பு, ஓய்வூதியம், காப்பீடு எல்லாம் உங்கள் கையிலிருந்து என்பதைக் கழித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் லோக்கம் போய் ஐந்தாறு கிளினிக்குகளை உள்ளிருந்து பார்ப்பது, நல்ல முதல் வேலையைத் தேடச் சிறந்த வழி. அதிலேயே பல வருடம் தங்கிவிட்டால், ஒரே குடும்பத்தைத் தொடர்ந்து பார்க்கும் பாக்கியம் கைவிட்டுப் போகும். அது வெறும் உணர்ச்சிப் பேச்சு அல்ல. நார்வேயில் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஒரே மருத்துவரிடம் 15 வருடத்துக்கு மேல் இருந்தவர்களிடையே, ஒரு வருடம் மட்டுமே இருந்தவர்களோடு ஒப்பிட்டால், இறப்பு ஏறக்குறைய கால் பங்கு குறைவாக இருந்தது.

ஒப்பந்தத்தில் எதைக் கூர்ந்து படிக்க வேண்டும்?

சம்பளப் பக்கத்தை எல்லோரும் படிப்பார்கள். நீங்கள் விலகும் பக்கத்தைப் படியுங்கள்.

எத்தனை நாள் முன்னறிவிப்பு, அது இரு தரப்புக்கும் சமமா என்று பாருங்கள். விலகிய பிறகு சுற்று வட்டாரத்தில் இத்தனை கிலோமீட்டருக்குள் வேலை செய்யக் கூடாது என்ற தடை இருக்கிறதா? சில இடங்களில் அப்படிப்பட்ட தடை சட்டப்படி செல்லாது, சில இடங்களில் செல்லும். செல்லும் இடத்தில் வீடு வாங்கி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்த பிறகு இதைக் கண்டுபிடிப்பது கொடுமை.

அடுத்தது மருத்துவப் பிழைக் காப்பீடு. இதில் இரண்டு வகை. ஒன்று, சிகிச்சை நடந்த நாளில் காப்பீடு இருந்தால் போதும், வழக்கு எப்போது வந்தாலும் பாதுகாப்பு உண்டு. இன்னொன்று, வழக்கு வரும் நாளிலும் காப்பீடு நடப்பில் இருக்க வேண்டும். இரண்டாவது வகையில் வேலையை விட்டதும் பழைய நோயாளிகள் விஷயத்தில் உங்களுக்குக் குடை இருக்காது. அதற்கென்று தனியாக நீட்டிப்புக் காப்பீடு வாங்க வேண்டும், அது விலை அதிகம். அதை யார் கட்டுவது என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

'நிர்வாகம் அவ்வப்போது தீர்மானிக்கும் பிற பணிகள்' என்ற வரி இருந்தால் அதற்கு ஒரு வரம்பு கேளுங்கள். ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டும் செலவு, நீங்கள் செய்யும் செலவுகளிலேயே பயனுள்ளது.

புதியவர் பேரம் பேசலாமா? தப்பாக நினைப்பார்களா?

பேசலாம். பேசவும் வேண்டும். பெரிய நிறுவனங்களில் அடிப்படைச் சம்பளம் அசையாது, ஆனால் மற்றவை அசையும்: சந்திப்பு நேரம் 10 நிமிடத்திலிருந்து 15, வாரத்தில் அரை நாள் காகித வேலைக்கு, உறுதிக் காலம் இன்னும் ஆறு மாதம். நான் பார்த்தவரை நிமிடங்களைக் கேட்டவர்கள், பணத்தைக் கேட்டவர்களைவிட நீண்ட காலம் அந்த வேலையில் இருந்தார்கள்.

பெண் மருத்துவர்களுக்குச் சம்பளம் குறைவு என்பது உண்மையா?

உண்மை. காரணத்தில் ஒரு பகுதி அந்தக் கணக்கிடும் முறையிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் 2020-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று முதல்நிலை மருத்துவர்களின் கோடிக்கணக்கான சந்திப்புகளை எடுத்துப் பார்த்தது. பெண் மருத்துவர்கள் ஒவ்வொரு சந்திப்புக்கும் சராசரியாக 2.4 நிமிடம் கூடுதலாகச் செலவிட்டார்கள், அதாவது 15.7 சதவீதம் அதிகம். சந்திப்புகளிலிருந்து அவர்கள் ஈட்டிய ஆண்டு வருவாயோ 10.9 சதவீதம் குறைவு. நோயாளி பேசி முடிக்கும் வரை காத்திருந்ததற்கு அபராதம் கட்டியிருக்கிறார்கள். இது எனக்குக் கோபம் வருகிற விஷயம். எண்ணிக்கைக்குப் பணம் என்ற வேலையை ஏற்கும் பெண் மருத்துவர்கள், நேரத்துக்கும் சிக்கலுக்கும் ஏற்ற கட்டணக் குறியீடுகளைச் சரியாகப் போடக் கற்றுக்கொள்ளுங்கள். செய்த வேலையைப் பதிவு செய்யாமல் விட்டுவிடாதீர்கள்.

கூடுதல் பயிற்சி எடுத்தால் வருமானம் கூடுமா?

அல்ட்ராசவுண்ட், தோல் சிறு அறுவை, கருத்தடைச் சாதனம் பொருத்துதல் போன்ற செய்முறைகளால் பெரும்பாலும் கூடும். முதியோர் மருத்துவம், வலி தணிப்புச் சிகிச்சை ஆகியவற்றால் வருமானம் அவ்வளவாகக் கூடாது, ஆனால் அவை இல்லாமல் நம் வேலை அரைகுறை. கற்பித்தலுக்குப் பணம் குறைவு.

வேலையைப் பார்க்கப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

அரை நாள் ஒரு மருத்துவரோடு உட்கார அனுமதி கேளுங்கள். மறுத்தால் அந்த இடம் வேண்டாம். உட்கார்ந்தால் அவருடைய அட்டவணைத் திரையைப் பாருங்கள். 10:20 என்ற ஒரே கட்டத்தில் இரண்டு பெயர் இருக்கிறதா? மதிய உணவுக் கட்டம் காலியாக இருக்கிறதா, 'அவசரம்' என்று யாரையாவது நுழைத்திருக்கிறார்களா? வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம் எத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேளுங்கள். ஊழியர்கள் வருடத்துக்கு ஒரு முறை மாறும் இடத்தில் மருத்துவரும் நிலைக்க மாட்டார். கடைசியாக வேலையை விட்ட மருத்துவரின் தொடர்பைக் கேட்டு வாங்கி, பேசிவிடுங்கள். பத்து நிமிடம் போதும்.

முதல் வேலை ஒத்துவராவிட்டால்?

பலருக்கு ஒத்துவருவதில்லை. இரண்டு, மூன்று வருடத்தில் மாறுவது சகஜம், அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கிளம்பும்போது முன்னறிவிப்புக் காலத்தை முழுதாக முடித்துக் கொடுங்கள். உங்கள் பட்டியலில் அதிகம் கவனிக்க வேண்டிய முப்பது, நாற்பது பேருக்கு ஒவ்வொருவருக்கும் அரைப் பக்கம் எழுதி வையுங்கள்: எந்த ரிப்போர்ட் வர வேண்டியிருக்கிறது, எந்த மருந்து ஏன் நிறுத்தப்பட்டது, வீட்டில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று. அடுத்து வரும் மருத்துவர் முதல் நாள் அந்த நாற்காலியில் உட்காரும்போது அவர் கையில் அது இருக்கட்டும்.